ஆராய்ச்சி நிறுவனத்தின் பணமும் பணியாளரும்: நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நோர்வேயில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் பிள்ளை "நான் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோரிடமிருந்து வரும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அது நிரந்தர வேலையோ?"

அந்தக் கேள்வியைக் குறை சொல்ல முடியாது. வீடு, வளவு, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தலைமுறை நாம். மீன் பதனிடும் ஆலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் தொடங்கி, மாதச் சம்பளம் தவறாமல் வரும் ஒரு வேலையை எட்டிப் பிடிக்க நம்மில் பலருக்கு ஆண்டுகள் பல சென்றன. ஆகவே மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்ற சொற்கள் நம் காதில் உறுதியாக ஒலிக்கின்றன. ஆராய்ச்சியாளர் என்ற சொல் அப்படி ஒலிப்பதில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டுமானால், ஓர் உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இந்த நிறுவனங்கள் வெளியிடும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகையானவை. ஒன்று பணியாளர் செய்தி: புதிய குழுத் தலைவர் வந்தார், இன்னார் கலாநிதிப் பட்டம் பெற்றார், இன்னார் வேறு நாட்டுக்குப் போகிறார். மற்றது நிதிச் செய்தி: எந்த நிதியத்துக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், முடிவுத் திகதி எது, யாருக்குக் கிடைத்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு இவை ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்களாகவே தெரியும். நிதி நின்றால் பெரும்பாலும் ஆளும் போக வேண்டியதுதான்.

உல்லெர்னில் ஓர் உதாரணம்

ஒஸ்லோவின் மேற்கே உல்லெர்ன் பகுதியில் உள்ள றேடியம் வைத்தியசாலையை நம்மவர் பலர் அறிவர். சிலர் சிகிச்சைக்காகவும் சிலர் உறவினரைப் பார்ப்பதற்காகவும் போயிருப்பார்கள். 1932இல் திறக்கப்பட்ட அது, இன்று ஒஸ்லோ பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஒரு பகுதி. அங்கே 1954ஆம் ஆண்டு முதல் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தொடக்கியவர் ரெய்டார் ஏக்கர். பரம்பரையாகச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் எலி வகையொன்றை அவர் இனங்கண்டார். உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அது 'ஏக்கர் எலி' என்றே அழைக்கப்படுகிறது.

இந்தச் சூழலில் பிறந்த மருந்துகளில் ஒன்று ஸோஃபிகோ. எலும்புக்குப் பரவிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய்க்கு றேடியம் 223ஐப் பயன்படுத்தும் மருந்து அது. ரோய் லார்சன், ஓய்விண்ட் புறூலான் ஆகியோரின் ஆய்விலிருந்து 1997இல் உருவான நிறுவனமே பின்னர் அல்கேத்தா என்ற பெயரில் வளர்ந்தது. 2013இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2014இல் ஜேர்மனியின் பாயர் நிறுவனம் அல்கேத்தாவை ஏறத்தாழ 290 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ஆய்வுகூடச் செலவு எல்லாமே இப்படித் திரும்பி வருவதில்லை, பெரும்பாலானவை வருவதில்லை. ஆனால் ஓர் ஆய்வு மருந்தாகி நோயாளியிடம் போய்ச் சேர எத்தனை ஆண்டு செல்லும் என்பதற்கு இந்தப் 16 ஆண்டுகள் நல்ல அளவுகோல். அவ்வளவு காலமும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பணம் வரும் வாய்க்கால்கள்

இத்தகைய நிறுவனத்துக்குப் பணம் ஐந்து வாய்க்கால்களால் வருகிறது.

முதலாவது, அரசின் அடிப்படை ஒதுக்கீடு. பேராசிரியர் போன்ற நிரந்தரப் பதவிகளும் கட்டடமும் பெரும்பாலும் இதில்தான் நிற்கின்றன. வாய்க்கால்களில் வற்றாதது இது; ஆனால் இதில் நிற்கும் ஆட்கள் குறைவு.

இரண்டாவது, நோர்வே ஆராய்ச்சி மன்றம். இது போட்டிக்கு விடப்படும் பணம். தலைசிறந்த ஆராய்ச்சி நிலையங்களுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு நிதி வழங்கும் திட்டமும் இதனுடையதே. றேடியம் வைத்தியசாலையில் ஹரால்ட் ஸ்டென்மார்க் தலைமையில் இயங்கிய புற்றுநோய் உயிர்மருத்துவ நிலையம் 2007இல் இப்படித் தொடங்கி 2017இல் முடிந்தது. அதன் பின் அவரும் ஆன்னே சிமொன்சனும் 'கான்செல்' என்ற புதிய நிலையத்துக்கு மறுபடி போட்டியிட்டு நிதி பெற்றார்கள். வெற்றிபெற்ற நிலையமும் 10 ஆண்டு முடிந்ததும் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அரசியலும் இந்த வாய்க்காலைத் தொடும். 2022 மே மாதத்தில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் மன்றத்தின் நிதிநிலையைக் காரணம் காட்டி அதன் நிர்வாக சபையையே மாற்றினார். புதிய நிதி அறிவிப்புகள் எவ்வளவு சுருங்குமோ என்ற கவலை அப்போது நாட்டின் ஆய்வுகூடங்கள் எங்கும் இருந்தது.

மூன்றாவது, ஹெல்ஸ சோர்-ஓஸ்ட் எனப்படும் தென்கிழக்குப் பிராந்திய சுகாதார நிறுவனம். வைத்தியசாலைகளில் நடக்கும் ஆய்வுக்கான பணம் ஆண்டுதோறும் இதனூடாகப் பங்கிடப்படுகிறது. கலாநிதிப் பட்ட ஆய்வாளர் ஒருவரை மூன்று ஆண்டுக்கு அமர்த்தும் நிதி இதில் முக்கியமானது.

நான்காவது, மக்கள் கொடுக்கும் பணம். ஒக்டோபரில் நாம் வாங்கும் இளஞ்சிவப்பு நாடாவும், 'க்ரஃப்டாக் மூட் க்ரெஃப்ட்' என்று நம் பிள்ளைகளும் உண்டியலோடு போகும் சேகரிப்பும் நோர்வே புற்றுநோய்ச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஆய்வாளரின் சம்பளமாக மாறுகின்றன. இங்கே ஒரு கணக்குக் குறிப்பும் சொல்லவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பொன்றுக்கு ஆண்டில் குறைந்தது 500 குரோணர் கொடுத்து, உங்கள் தேசிய அடையாள எண்ணையும் கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் வரிப் படிவத்தில் கழிவாக வரும். 2022 முதல் மொத்தக் கழிவின் உச்சவரம்பு 25,000 குரோணர். 22 வீத வரியின்படி 1,000 குரோணர் கொடுத்தவருக்கு 220 குரோணர் வரி குறையும். எண்ணைக் கொடுக்காமல் உண்டியலில் போடுபவருக்கு இது கிடைக்காது.

ஐந்தாவது, ஐரோப்பிய ஒன்றியம். நோர்வே ஒன்றியத்தில் உறுப்பு நாடு அல்ல. ஆயினும் ஐரோப்பியப் பொருளாதார வலய உடன்படிக்கையின் வழியே அதன் ஆராய்ச்சித் திட்டங்களில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒஸ்லோ ஆய்வாளர் பாரிஸ், பெர்லின் ஆய்வாளருக்குச் சமமாகப் போட்டியிடலாம்.

15 லட்சம் யூரோ என்றால் எவ்வளவு?

'இளம் ஆய்வாளருக்கு 15 லட்சம் யூரோ' என்ற செய்தியைக் கண்டால், நம்மவர் சிலர் அவர் அதிர்ஷ்டலாபச் சீட்டில் வென்றுவிட்டார் என்று நினைப்பதுண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சிச் சபையின் தொடக்க மானியத்தின் வழமையான உச்சத்தொகை இது; காலம் ஐந்து ஆண்டு. இதை ஒரு கணக்காளர் பிரிக்கும் விதத்தில் பிரித்துப் பார்ப்போம்.

இந்த மானியத்தில் நேரடிச் செலவின்மேல் 25 வீதம் மறைமுகச் செலவாக நிறுவனத்துக்குப் போகும். கட்டட வாடகை, மின்சாரம், கணினி, நிர்வாகம் எல்லாம் இதில் அடங்கும். எனவே 15 லட்சத்தில் 3 லட்சம் நிறுவனத்துக்கு. ஆய்வுக்கு மிஞ்சுவது 12 லட்சம். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் யூரோ. ஒரு யூரோ 11 குரோணர் என்று கொண்டால் 26 லட்சத்து 40 ஆயிரம் குரோணர்.

இனிச் சம்பளம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் குரோணர் என்று வைத்துக்கொள்வோம். ஒஸ்லோவில் வேலை கொள்வோர் வரி 14.1 வீதம், அது 84,600. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்தால் 7 லட்சத்தைத் தாண்டும். இப்படி மூன்று பேரை அமர்த்தினால் 21 லட்சத்துக்கு மேல் போய்விடும். மீதியில் இரசாயனப் பொருள், எலி பராமரிப்பு, கருவிக் கட்டணம், பயணம் எல்லாம் அடங்க வேண்டும். ஆக, பெரிய தொகையாகத் தெரிவது மூன்று பேருக்கு ஐந்து ஆண்டு வேலையும் அவர்களின் சாமான் செலவும் மட்டுமே. அதற்கு விண்ணப்பிப்பவர்களில் பொதுவாகப் பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே அது கிடைக்கும்.

பணியாளர் செய்தியை வாசிப்பது எப்படி?

இந்தக் கணக்கு விளங்கினால் பணியாளர் செய்திகளும் விளங்கும். ஒருவர் மூன்று ஆண்டில் போய்விட்டார் என்றால் அவரை வெளியேற்றிவிட்டார்கள் என்று பொருளல்ல. அவருடைய நிதியின் காலம் முடிந்தது என்று பொருள். ஸ்டிபென்டியாட் எனப்படும் கலாநிதிப் பட்ட ஆய்வாளருக்கு முழுநேர ஆய்வுக்காலம் மூன்று ஆண்டு. கற்பித்தல் போன்ற கடமையும் சேர்ந்தால் நான்கு. பட்டத்துக்குப் பிந்திய போஸ்ட்டொக் பதவியும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. இரண்டும் சட்டப்படியே தற்காலிகப் பதவிகள்.

குழுத் தலைவர்களும் விதிவிலக்கல்லர். ஒஸ்லோ பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பிராந்திய சுகாதார நிறுவனம், ஆராய்ச்சி மன்றம் ஆகியவற்றின் கூட்டில் 2008இல் நோர்வே மூலக்கூற்று மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தின் நோர்டிக் கூட்டமைப்பில் சேர்ந்த அந்நிலையம், அந்த ஆய்வுகூடத்தின் வழக்கத்தையே பின்பற்றியது. குழுத் தலைவருக்கு ஐந்து ஆண்டு. வெளியார் மதிப்பீட்டில் தேறினால் இன்னொரு தவணை. அதன் பின் அவர் வேறிடம் தேட வேண்டும். புதியவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனவே அங்கிருந்து ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சென்றார் என்ற செய்தி, அந்நிலையத்துக்கு இழப்பு அல்ல. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்ததன் அடையாளம்.

நிரந்தரம் என்ற சொல்லிலும் இரண்டு வகை உண்டு. வெளிநிதியில் வேலை செய்யும் ஆய்வாளர் நிரந்தர நியமனம் பெற்றிருந்தாலும், அந்த நிதி முடிந்து வேறு நிதி கிடைக்காவிட்டால் பணிநீக்கம் வரக்கூடும். ஆகவே பிள்ளையிடம் "நிரந்தரமோ?" என்று மட்டும் கேட்பது போதாது. எந்த நிதியில் சம்பளம், எந்தத் திகதி வரை, அது முடிந்தபின் இந்தப் படிப்புக்கு வெளியே என்ன வேலை உண்டு என்று கேட்க வேண்டும். ஆய்வாளர்களின் தொழிற்சங்கமான ஃபொஷ்கர்ஃபொர்புன்டெட்டில் சேர்ந்திருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பல நாடுகளில் கலாநிதிப் பட்டம் படிப்பவர் மாணவர். கட்டணம் கட்டுவார் அல்லது சிறு உதவித்தொகையில் வாழ்வார். நோர்வேயில் அவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். ஆண்டுக்கு 5 லட்சம் குரோணருக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், நோய் விடுப்பு எல்லாம் உண்டு. பிள்ளை பிறந்தால் எடுக்கும் விடுப்புக் காலம் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக் கொடுக்கப்படும். வீட்டுக் கடனுக்கு வங்கி தயங்கலாம். ஆனால் பட்டினிப் படிப்பு இது இல்லை.

எந்த வயதில் எந்த வாசல்?

உயர்நிலைப் பாடசாலையிலேயே ஒரு வாசல் இருக்கிறது. உல்லெர்ன் உயர்நிலைப் பாடசாலை 2015 முதல், றேடியம் வைத்தியசாலைக்குப் பக்கத்திலுள்ள ஒஸ்லோ புற்றுநோய்க் கொத்தணியின் புத்தாக்கப் பூங்காவில் இயங்குகிறது. மாணவர்கள் ஆய்வாளர்களோடு ஒரே கட்டடத்தில் படிக்கிறார்கள்; சிலருக்கு ஆய்வுகூடங்களில் பழகும் வாய்ப்பும் கிடைக்கிறது. கிழக்கு ஒஸ்லோவில், குரூருட்டிலும் ஸ்தொவ்னரிலும் வாழும் நம் குடும்பங்கள் பாடசாலையைத் தெரிவு செய்யும்போது இதையும் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு ஆய்வு வழி என்ற திட்டம் 2002 முதல் உண்டு. படிப்பை ஓராண்டு நிறுத்தி உதவித்தொகையோடு முழுநேரமாக ஆய்வு செய்து, மீதியைப் படிப்போடு சேர்த்துத் தொடரலாம். மருத்துவப் பட்டத்தையும் விட வேண்டியதில்லை. 'மருத்துவமா, ஆராய்ச்சியா' என்று வீட்டில் நடக்கும் வாதத்துக்கு இது ஒரு நடுவழி.

கலாநிதிப் பட்ட வேலைகள் பகிரங்கமாகவே விளம்பரம் செய்யப்படும். பல்கலைக்கழக வேலைகளை ஜொப்நோர்கே தளத்தில் பார்க்கலாம். அறிமுகம் உள்ளவருக்குத்தான் கிடைக்கும் என்று ஒதுங்கிவிட வேண்டாம். பொது நிறுவனங்களில் விண்ணப்பித்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் கேட்டுப் பார்க்கலாம். தகவலறியும் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அரச வேலைகளில், குடிவரவுப் பின்னணி உடையவர் தகுதியோடு விண்ணப்பித்து அதைப் படிவத்தில் குறித்திருந்தால், அத்தகையோரில் குறைந்தது ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும் என்பது விதி. அழைப்பு நியமனமாகிவிடாது. ஆனாலும் அந்தப் பெட்டியில் அடையாளமிட வெட்கப்பட வேண்டியதில்லை.

ஊரிலும் பிற நாடுகளிலும் உள்ள உறவினருக்கு இரண்டு தகவல்கள். 2023 இலையுதிர்காலம் முதல், ஐரோப்பிய வலயத்துக்கு வெளியிலிருந்து புதிதாக இளமாணி, முதுமாணி படிக்க வருவோருக்கு நோர்வேயில் கல்விக் கட்டணம் வந்துவிட்டது. கலாநிதிப் பட்டம் வேலை என்பதால் அந்தக் கட்டணம் அதற்கு இல்லை. அடுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ கியூரி போஸ்ட்டொக் நிதி. எந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரும், கலாநிதிப் பட்டம் பெற்று எட்டு ஆய்வு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் போக விரும்பும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. எனவே யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருப்பவர் இந்த நிதியோடு ஒஸ்லோவுக்கு வரலாம். ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளை இதே நிதியோடு பாரிசுக்கோ பார்சலோனாவுக்கோ போகலாம்.

ஆய்வு நிறுவனம் என்றால் விஞ்ஞானிகள் மட்டும் இருக்கும் இடமும் அல்ல. மேலே பிரித்த கணக்கை ஒவ்வொரு திட்டத்துக்கும் யாரோ ஒருவர் வைத்திருக்க வேண்டும். நேரப் பதிவேட்டைச் சரிபார்த்து நிதியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். திட்டக் கணக்காளர், கொள்வனவு அலுவலர், கணினிப் பொறியியலாளர், ஆய்வுகூடப் பொறியியலாளர், விலங்குப் பராமரிப்பாளர் என்று பதவிகள் பல. இவற்றில் நிரந்தர நியமனங்கள் ஆய்வாளருக்கு இருப்பதைவிட எளிதாகக் கிடைக்கும். நோர்வேஜிய மொழி மட்டும் நன்றாக வேண்டும். ஊரில் விஞ்ஞானமாணி முடித்துவிட்டு இங்கே வந்து பட்டத்தை அலுமாரியில் வைத்திருப்பவர்கள் அதை அங்கீகரிக்க விண்ணப்பிக்கலாம். 2023 முதல் அந்தப் பொறுப்பு உயர்கல்வி மற்றும் திறன்களுக்கான இயக்குனரகத்திடம் இருக்கிறது.

யார் கேள்வி கேட்கிறார்கள்?

வேலையும் சம்பளமும் ஒருபுறம் இருக்க, இதில் நமக்கு இன்னொரு நலனும் உண்டு. நிதி கிடைப்பது கேள்விக்கு. எந்த நோயை, யாருடைய உடலில் ஆராய்வது என்பதை விண்ணப்பம் எழுதுபவரே தீர்மானிக்கிறார்.

2002இல் ஒஸ்லோவில் நடந்த குடிவரவாளர் சுகாதார ஆய்வில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நாட்டினரோடு இலங்கையிலிருந்து வந்த நம்மவரும் சேர்க்கப்பட்டனர். பேர்னடெட் குமார் முதலானோர் அதை வைத்து 2008இல் எழுதிய அறிக்கை, இலங்கை, பாகிஸ்தான் பின்னணி உள்ளவர்களிடையே நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவு அதிகம் என்று காட்டியது. அடுத்து 2008 முதல் 2010 வரை குரூருட் பள்ளத்தாக்கில் ஆன்னே காரென் யேனும் தலைமையில் 823 கர்ப்பிணித் தாய்மார் ஆராயப்பட்டனர். தெற்காசியத் தாய்மாருக்குக் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாக வருவது அதில் வெளிப்பட்டது. நம் வீடுகளில் சீனி வருத்தம் என்று சொல்லிப் பழகிய ஒன்று, இப்படித்தான் வைத்தியரின் மேசையில் எண்ணாகப் போய்ச் சேர்ந்தது. யாரோ கேள்வி கேட்டார்கள், யாரோ நிதி கொடுத்தார்கள், நம் தாய்மார் இரத்தம் கொடுத்தார்கள்.

இன்று மருத்துவம் மரபணுவைப் பார்த்து மருந்து கொடுக்கும் திசையில் போகிறது. ஆனால் உலகின் மரபணுத் தரவுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் பிள்ளைகளில் சிலராவது அந்த மேசையில் இருந்தால், தெற்காசியரையும் சேர்க்க வேண்டும் என்று சொல்ல ஆளிருக்கும்.

ஆய்வாளராகாமலே இதில் பங்குகொள்ளவும் வழி உண்டு. இன்று தென்கிழக்குப் பிராந்திய சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர், நோயாளிகளையும் பொதுமக்களையும் ஆய்வின் திட்டமிடலில் எப்படிச் சேர்த்தார் என்று எழுத வேண்டும். புற்றுநோய்ச் சங்கமும் அதை எதிர்பார்க்கிறது. அப்படிப்பட்ட பயனாளர் பிரதிநிதிகளாக நம் சங்கங்களிலிருந்து இரண்டு மூன்று பேர் முன்வந்தால், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றை ஆராயும் குழுக்களுக்கு அது பயனுள்ள உதவியாக இருக்கும். தாதியாகவும் மருந்தாளராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நமது தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு சனிக்கிழமை, கலாநிதிப் பட்டம் செய்யும் இளையோரை அழைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேச வைக்கலாம். சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்து என்ன என்று அவர்களிடமே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.